தொண்டை கட்டின உபதேசியார்

ஒரு ஊர்ல ஒரு உபதேசியார் இருந்தாரு. பேரு தீத்து. உபதேசியார்னா யாரு? சர்ச் இல்லாத ஊருக்கெல்லாம் போய் ஏசப்பாவைப் பத்திச் சொல்றவரு. ம் சொல்லு. ஆங்.

நல்ல மனுஷன்தான். ஆனா மூஞ்சி மட்டும் எப்பவும் வயித்துவலிக்காரன் மூஞ்சி மாதிரி இருக்கும். சிரிச்சா மரியாதை போயிடும்னு சின்னதுல யாரோ சொல்லிட்டாங்க. அவரும் நம்பிட்டாரு.

அவரைச் செம்மண்விளைங்கிற ஊருக்கு அனுப்பினாங்க. எங்க பார்த்தாலும் பனைமரம். முத நாளு வாயில வச்சுக் கத்துற ஒரு தகரக் குழலைத் தூக்கிட்டுத் தெரு நடுவுல நின்னாரு. "பாவிகளே!"ன்னு ஒரு சத்தம். படார், படார், படார்னு எல்லாக் கதவும் சாத்திக்கிச்சு. ஒரு வீட்டுல மட்டும் சாத்தலை. அந்த வீட்டுக்குக் கதவு இல்லை.

அப்புறம் மறுநாளு, நரகத்தை வரைஞ்ச பெரிய படம் ஒண்ணைக் கொண்டாந்து வேப்பமரத்துல தொங்கவிட்டாரு. ஒரே தீ. பிள்ளைங்க எல்லாம் வீல்னு கத்திட்டு ஓடிடுச்சு. ஒரு ஆடு மட்டும் வந்து பார்த்துச்சு. நரகத்துல ஒரு மூலையைத் தின்னுட்டு அதுபாட்டுக்குப் போயிடுச்சு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்புறம் மூணாம் நாளு, கிணத்து மேட்டுல ஏறி நின்னு பொழுது சாயிற வரைக்கும் கத்துனாரு. கத்துனாரு, கத்துனாரு, தொண்டை கிர்ர்ர்னுச்சு. அவ்வளவுதான். சத்தம் நின்னுபோச்சு. ஊரே "அப்பாடா"ன்னுச்சு.

அப்போ பேச்சித்தாய்னு ஒருத்தி தண்ணி எடுக்க வந்தா. இவரு கையைக் குவிச்சுத் தண்ணி கேட்டாரு. அவ ஊத்தினா. நன்றி சொல்லலாம்னா பேச்சு வரலை. அதனால அவ குடத்தைத் தூக்கிட்டுக் கூடவே நடந்தாரு.

வீட்டுக்குள்ள அவ புருஷன் சொடலைமுத்து படுத்திருந்தான். பனையில இருந்து விழுந்து இடுப்பு போனவன். ஆரம்பத்துல எல்லாரும் வந்து பார்த்தாங்க. அப்புறம் வர்றதை விட்டுட்டாங்க. அவனும் சுவரைப் பார்த்துப் படுக்கப் பழகிட்டான்.

உபதேசியார் குடத்தை இறக்கி வச்சுட்டு அவன் பக்கத்துல உட்கார்ந்தாரு.

"நீருதான் பாவின்னு கத்துனவரா?"ன்னான், சுவரைப் பார்த்தே.

"ம்."

"தொண்டை போச்சா?"

"ம்."

"நல்லது."

அப்புறம் என்ன பண்றது, அவனே பேச ஆரம்பிச்சான். எந்த மரம் வழுக்கும், எந்த மரத்துல எறும்பு கடிக்கும்னு சொன்னான். விழும்போது பாதி வழியில, 'அருவா புதுசாச்சே'ன்னுதான் கவலைப்பட்டானாம். உபதேசியாருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சத்தமே இல்லை, உடம்பு மட்டும் குலுகுலுன்னு குலுங்குது. சொடலைமுத்து திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் சிரிப்பு பொத்துக்கிச்சு. அவன் சிரிச்சு எத்தனையோ நாளாச்சு. பேச்சித்தாய் அடுப்படியில போய் நின்னு அழுதா.

மறுநாளும் போனாரு. அதுக்கு மறுநாளும் போனாரு. அவனைத் தூக்கிச் சாய்ச்சு உட்கார வச்சாரு. போற வழியில பார்க்கிறவங்களைப் பார்த்து எல்லாம் சிரிச்சாரு. முதல்ல பயந்தாங்க. அப்புறம் பழகிட்டாங்க. ஒருத்தி காப்பி குடுத்தா. ஒரு பெரியவரு மூட்டுவலியை ஆதியிலிருந்து சொன்னாரு. எல்லாத்துக்கும் இவரு "ம்". பேச முடியாதே.

அப்புறம் ஒரு நாளு தொண்டை சரியாயிடுச்சு. ஊருக்கே கலக்கம். இனிமே என்ன பண்ணுவாரோ? அவரு நேரா சொடலைமுத்து வீட்டுக்குப் போனாரு.

"இன்னைக்கு வலி எப்படிப்பா இருக்கு?"

"இருக்கு"ன்னான் அவன். "உபதேசியாரே, உம்ம சாமியும் இப்படிப் படுத்துக் கிடக்கிறவன் வீட்டுக்கு வருவாரா?"

"வருவாரு. வந்து பக்கத்துல உட்காருவாரு."

"அப்போ அவரைப் பத்திச் சொல்லும். மெதுவாச் சொல்லும்."

அவரு மெதுவாச் சொன்னாரு. பேச்சித்தாய் ஈரக் கையோட வந்து வாசப்படியில உட்கார்ந்தா. பக்கத்து வீட்டுக்காரி முறத்தோட வந்தா. யாரும் எழுந்திரிக்கலை.

அவ்வளவுதான் கதை, தங்கம். போர்வையை இழுத்துக்கோ, கண்ணு சொருகுது பாரு.