பந்துக்குள் இருந்த மூச்சு

“ஒண்டி, பந்து தலைக்கு நேரா வந்தா நான் குனிஞ்சுடறேன். குனியாம இருக்க என்னடா பண்றது?”

கேட்டவர் தாதாச்சாரி. திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்துபவர். 1912ஆம் வருஷம் அது. அந்தக் காலத்தில் மாணவர்களோடு வாத்தியார்களும் சேர்ந்துதான் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடினார்கள். தாதாச்சாரி குடுமியை இறுக்கி முடிந்து, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, வெறுங்காலோடு, கோல்கீப்பருக்கு முன்னால் தடுப்பாட்டக்காரராக நிற்பார். தரையோடு வருகிற பந்து அவரைத் தாண்டிப் போனதில்லை.

ஒண்டி குதிரைச் சேணம் தைப்பவர். கல்லூரிப் பந்து பிரிந்தால் தைத்துக் கொடுப்பவரும் அவர்தான். மைதானத்து வேலிக்குள் ஒண்டி வரக் கூடாது. அவர் தைத்த பந்து வரலாம்.

இரண்டு பேருக்கும் ஒரே வயது, முப்பத்திரண்டு.

தன் பட்டறையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த ஒண்டி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“குனிஞ்சா என்னங்க சாமி? பந்து மேல போயிரும்.”

“போய் கோலுக்குள்ள விழறதுடா!”

உண்மைதான். ஆடி மாதத்தில் தொடங்கி இதுவரை ஏழு ஆட்டம். ஐந்தில் ஜெயம், இரண்டில் தோல்வி. வாங்கிய கோல் ஆறு. ஆறும் தாதாச்சாரியின் தலைக்கு மேலே போனவை.

காரணம் ஊருக்கே தெரியும். பந்து மாட்டுத் தோல். காலில் பட்டால் காவிரியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். தலையில் பட்டால் எத்தனை முழுக்கு என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அது நடக்கும் என்றே யாரும் நினைத்திருக்கவில்லை.

“இப்ப இந்தத் தீட்டுலெல்லாம் நேக்கு நம்பிக்கை இல்லை. நிஜமாவே இல்லை. தோல்னா தோல், அவ்வளவுதான். வகுப்புலயே சொல்லியிருக்கேன். ஆனா பந்து மேலேர்ந்து இறங்கறச்சே கழுத்து தானா குனியறது. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறது.”

“கழுத்துக்கு ஏது சாமி காது?”

தாதாச்சாரிக்குச் சுருக்கென்றது. வேறு நாளாக இருந்தால் கோபித்துக்கொண்டு போயிருப்பார். போன சனிக்கிழமை நடந்தது அவரைப் போகவிடவில்லை.

அன்றைக்கும் அவர் குனிந்தார். அவர் விட்ட பந்தைப் பிடிக்கக் கோல்கீப்பர், மாணவன் அருளப்பன், பாய்ந்து வந்தான். எதிராளியின் பூட்ஸ் கால் அவன் தாடையில் இறங்கியது. இரண்டு பல் போயிற்று. ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் தாதாச்சாரியைப் பார்த்து, “என் தப்புதான் சார், முன்னாடியே வந்திருக்கணும்” என்றான்.

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

நாளை மறுநாள் இறுதி ஆட்டம். அருளப்பன் தாடையில் கட்டோடு வந்து நிற்கப்போகிறான். தாதாச்சாரி கல்லூரித் தலைவரைக் கேட்டார். பழகினால் சரியாகிவிடும் என்றார் அவர். டாக்டரைக் கேட்டார். கழுத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றார் அவர். பந்தைத் தைக்கக் கொண்டுவந்த இடத்தில், வாய் தவறி, இங்கேயும் கேட்டுவிட்டார்.

“அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தரம் ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாதுடா.”

ஒண்டி ஊசியைக் கீழே வைத்தார். பந்தின் வாரை அவிழ்த்தார். உள்ளே இருந்த ரப்பர்ப் பையின் குழாயை வெளியே இழுத்து, முடிச்சில் கை வைத்தார்.

“கிட்ட வாங்க சாமி.”

தாதாச்சாரி முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். ஒண்டி முடிச்சை உருவினார். புஸ்ஸென்று காற்று முகத்தில் அடித்தது. தாதாச்சாரி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒண்டி சிரித்தார். “காத்துக்குமா தீட்டு?”

“யார் காத்துடா இது?”

“என் காத்துதான். காலேஜுல பம்பா வச்சிருக்கீங்க? ஆடியிலேர்ந்து நான்தான் வாய் வச்சு ஊதிக் குடுக்கிறேன்.”

தாதாச்சாரி காற்றைப் பற்றியும் அதன் அழுத்தத்தைப் பற்றியும் வருஷம் தவறாமல் பாடம் நடத்துகிற மனிதர். பந்துக்குள் இருக்கும் காற்றை ஊதியது யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒண்டி பிரிந்த இடத்தைத் தைத்து முடித்தார். குழாயை நீட்டினார்.

“இன்னைக்கு நீங்க ஊதுங்க.”

குழாயின் நுனி கறுத்திருந்தது. ஒண்டியின் பல் பதிந்த தடம் இருந்தது.

“கழுவித் தரட்டுங்களா?”

தாதாச்சாரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு, அம்மா, மடி, ஆசாரம் எல்லாம் கண்முன் வந்து நின்றன. அருளப்பனும் வந்து நின்றான்.

“வேண்டாம்.”

வாய் வைத்து ஊதினார்.

லேசுப்பட்ட வேலை இல்லை. கன்னம் வலித்தது, காது அடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. சுருங்கிக் கிடந்த தோல் அவர் கைக்குள் அசைந்தது, புரண்டது, மெல்லத் திரண்டது. எத்தனையோ தடவை உதைத்த பந்துதான். அதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்.

ஒண்டி குழாயை மடக்கிக் கட்டி, உள்ளே தள்ளி, வாரை இழுத்து முடிந்தார். பந்தை இருவருக்கும் நடுவே வைத்தார்.

“என் காத்து முழுசும் வெளிய போகலைங்க. கால்வாசி உள்ளயே கிடந்துச்சு. அதுமேலதான் நீங்க ஊதினீங்க.”

“சரி.”

“நீங்க காத்துப் பாடம் நடத்துறவரு. உங்க மூச்சைத் தனியா, என் மூச்சைத் தனியா பிரிச்சுக் குடுங்க. நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்றேன்.”

தாதாச்சாரி பந்தையே பார்த்தபடி நின்றார்.

ஒண்டி எழுந்தார். பந்தை எடுத்து, சொல்லாமல் கொள்ளாமல், அவர் முகத்துக்கு நேராக எறிந்தார்.

பந்து நெற்றியில் பட்டது.

கழுத்து குனியவில்லை. நாமம் கலைந்து பந்தில் ஒட்டிக்கொண்டது.

பட்ட வேகத்தில் பந்து திரும்பி, ஒண்டியின் தலையை நோக்கிப் போயிற்று.

ஒண்டி குனிந்தார்.

முதுகு வளைய, இரண்டு கையும் மார்போடு ஒட்ட, தெருவில் பெரிய மனிதர்கள் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பாரே, அப்படிக் குனிந்தார். பந்து அவருக்கு மேலே போய்ச் சுவரில் மோதி விழுந்தது.

“நானா குனிஞ்சேன்?” என்றார் ஒண்டி. குரலில் இருந்த கேலி போய்விட்டது.

தாதாச்சாரி போய்ப் பந்தை எடுத்து வந்தார்.

“நிமிர்ந்து நில்லுங்கோ, ஒண்டி,” என்றார். “இன்னொரு தரம் போடறேன்.”