ஆட்டம் நிக்காத முட்டை இனிப்பு

நாமக்கல்லுப் பக்கம் கோழிப்பண்ணை செங்கோடனைத் தெரியுமா? தெரியாட்டி இப்பத் தெரிஞ்சுக்குங்க. ஒண்ணு சொல்லிட்டா, சொன்னதை அச்சரம் பெசகாமச் செய்யற மனுசன். அதுலதான் வந்துது வெனை.

அவன் சம்சாரம் பாவாயி அப்ப மாசமா இருந்தா. மாங்கா கேக்கலை, புளி கேக்கலை. கோயமுத்தூருல ஒரு ஜப்பான்காரம்மா முட்டையிலயே இனிப்புப் பண்ணி விக்கிறதை போன்ல பாத்துட்டு, அதுதான் வேணும்னுட்டா.

"தட்டுல வச்சா தளதளன்னு ஆடுதுங்க. அந்த ஆட்டம் நிக்காமக் கொண்டாரணும். நின்னுபோனதைக் கொண்டாந்தீங்க, நான் எங்கப்பன் ஊட்டுக்குப் போயிருவேன்."

செங்கோடன் அப்பவே கெளம்பிட்டான். பாவாயி இல்லாத ஊட்டுல அவன் என்ன பண்ணுவான்? துணைக்கு அண்ணன் மாரப்பனையும், பாவாயி தம்பி சென்னியப்பனையும் கூட்டிக்கிட்டான். இந்த மாரப்பன் இருக்கானே, முட்டை மேல வெயில் படக்கூடாதுன்னு சொன்னதுக்காக, வண்டியை வேப்பமரத்துக்கு வேப்பமரம் நிறுத்தி, கரூருக்கு மூணு நாள் ஓட்டிட்டுப் போனவன். அதை விடுங்க, அது தனிக்கதை.

கடையில அந்தம்மா பேரு மிச்சிகோ. நல்லாத் தமிழ் பேசுது. முட்டைப் புட்டிங் ஒண்ணைத் தட்டுல கவுத்துச்சு. ஆடுச்சு. ஆடி நின்னுபோச்சு.

"ஐயோ, நின்னுபோச்சே!"ன்னான் செங்கோடன், அழுவாத கொறையா.

மாரப்பன் குனிஞ்சு பாத்தான். விரலால தொட்டான். மூஞ்சி சுண்டிப்போச்சு.

"அம்மிணி, இதுக்கு ஓடே இல்லீங்களே."

"புட்டிங்குக்கு ஓடு இருக்காதுங்க."

"வெக்கப்படாதீங்க. சுண்ணாம்புச் சத்துக் கொறைஞ்சா எங்க கோழியும் தோல்முட்டைதான் போடும். உங்க கோழிக்கு ரொம்ப முத்திப்போய், தோலுங்கூட இல்லாமப் போட்டிருக்குது. தீவனத்துல கிளிஞ்சல் தூளைக் கலங்க. நாலே நாள்ல கெட்டியாயிரும்."

"கெட்டியாயிட்டா யாருங்க வாங்குவாங்க?"

சென்னியப்பன் மாரப்பன் காதைக் கடிச்சான்: "பாவமுங்க, சின்ன வயசுல இருந்தே நல்ல முட்டையப் பாத்ததில்லையாட்ட இருக்குது."

அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு, வேற ஒண்ணை டப்பாவுல வச்சுக் குடுத்துச்சு. "லேசா அசைச்சா ஆடும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டிரணும்"னுச்சு.

பஸ்ஸு ஓடற வரைக்கும் கவலையில்லை. அவிநாசியில நின்னுச்சு பாருங்க, புட்டிங்கும் நின்னுச்சு.

"டிரைவரண்ணா, நிறுத்தாதீங்க! எங்க குடும்பம் பிரிஞ்சிரும்!"

"ஆளு ஏறணுமா வேண்டாமாய்யா?"ன்னு கண்டக்டர் கத்துனாரு.

அப்புறம் மூணு பேரும் முறை வச்சு டப்பாவை ஆட்டிக்கிட்டே வந்தாங்க. பெருந்துறை வந்தப்ப மாரப்பன் மணியப் பாத்தான்.

"ரெண்டு மணி நேரம் முடிய அஞ்சு நிமிசந்தான் இருக்குது. சாப்பிட்டிரணும்னு அந்தம்மா சொல்லிச்சே."

"பாவாயி ஊட்டுல இருக்காளேண்ணா!"

"யாரு சாப்பிடணும்னு சொல்லலியே. பொண்டாட்டிக்கு வாங்குனதைப் புருசன் சாப்பிட்டாத் தப்பில்லை."

"அப்ப ஆட்டமுங்க?"ன்னான் சென்னியப்பன்.

"உள்ள போய் ஆடட்டும். நாம உன் மாமனை ஆட்டுவோம்."

செங்கோடன் கண்ணை மூடிக்கிட்டு ஒரே வாயில முழுங்கிட்டான். நாமக்கல்லு வரைக்கும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு தோளைப் புடிச்சு அவனைக் குலுக்கு குலுக்குன்னு குலுக்குனாங்க. எறங்கி நடந்தப்பவும் விடலை.

வாசல்ல பாவாயி நின்னா. "எங்கீங்க?"

செங்கோடன் ஆடிக்கிட்டே வயித்தைத் தொட்டுக் காமிச்சான். "உள்ள இருக்குது பாவாயி. ஆட்டம் நிக்கவே இல்லை. நீ எங்கயும் போவாத."

வேற பொம்பளையா இருந்தா வெளக்குமாத்தை எடுத்திருப்பா. இவ சென்னியப்பனுக்குக் கூடப்பொறந்தவ இல்லீங்களா? புருசன் வயித்துல காதை வச்சு ரொம்ப நேரம் கேட்டா.

"ஆட்டம் சரியாத்தான் இருக்குது. ஆனாச் சுடுதே! இதைக் குளுகுளுன்னுதானே சாப்பிடணும்?"

மூணு பேரும் யோசிச்சாங்க. ஞாயமாத்தான் பட்டுச்சு. ஃபிரிட்ஜுல இருந்த தட்டையெல்லாம் உருவிப்போட்டு, செங்கோடனை மடக்கி உள்ள உக்கார வச்சாங்க. பாவாயி கையில ஸ்பூனோட முன்னால பலகை போட்டு உக்காந்தா.

செங்கோடன் உள்ள இருந்து சொன்னான்: "கதவை மட்டும் சாத்திராத பாவாயி. லைட்டு அணைஞ்சிட்டா, நான் ஆடறது உனக்குத் தெரியாமப் போயிரும்."