கண்ணழகி கண்ணை மூடிய கதை

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசியபோது, ஸ்லோவேனியா என்ற சிறிய நாட்டில் செர்க்னிட்சா ஏரி ஆண்டு முழுவதும் நிறைந்து கிடந்தது. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை மலைகள், ஊசியிலைக் காடுகள். ஏரியின் அடியில் பூமிக்குள் இறங்கும் ஒரு துளை உண்டு. ஒரு பாறை அதை அடைத்திருந்தது.

பாறைக்குக் காவல் இருந்தவளுக்குப் பாம்பு போல நீண்ட உடல், நான்கு குட்டிக் கால்கள், மனிதத் தோலின் நிறம். அந்த ஏரியிலேயே பெரிய கண்கள் அவளுடையவை. எல்லோரும் அவளைக் 'கண்ணழகி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஓர் ஆண்டு பனிக்காலம் முடியாமல் நீண்டது. கரையில் வாழ்ந்த யெர்னெய் என்ற குடியானவன் பசுவுக்காகச் சேர்த்து வைத்திருந்த புல் தீர்ந்துபோனது. அவன் மனைவி உர்ஷாவுக்குப் பால் சுரக்கவில்லை. மூன்று மாதக் குழந்தை, அவர்களுடைய பசு லீஸ்காவின் பாலில்தான் உயிரோடு இருந்தது.

"என் மடியில் இன்னும் இரண்டு நாள் பால் இருக்கிறது" என்றது லீஸ்கா. "அப்புறம் எலும்புதான். எலும்பைக் கறக்கத் தெரிந்தால் கறந்துகொள்."

யெர்னெய் ஏரிக்கு ஓடினான்.

"கண்ணழகி, கரையோரத் தண்ணீருக்குள் கோரை செழித்து நிற்கிறது. முழங்கால் அளவு தண்ணீரை இறக்கிக் கொடு. அறுத்துக்கொள்கிறேன்."

"கோரைக்குள் கூர்வாய் மீன் முட்டையிட்டிருக்கிறாள். வெயில் பட்டால் எல்லாம் செத்துவிடும். பாறையைத் தள்ளிவிட்டால் திரும்ப வைக்க என்னால் முடியாது."

"அரை நாள்தான். மதியத்துக்குள் ஊரே கல்லோடு வந்து துளையை அடைத்துவிடும்."

கூர்வாய் தலையை நீட்டினாள். "மனிதனுக்கு மதியம் எப்போது வரும் என்று கேட்டுக்கொள், கண்ணழகி."

அப்போது உர்ஷா வந்து, சுற்றியிருந்த துணியை விலக்கிக் குழந்தையைக் காட்டினாள். குழந்தை அழவில்லை. அழ அதற்குத் தெம்பில்லை. கண்ணழகி அந்த விலா எலும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூழ்கிப் போய்ப் பாறையைத் தள்ளினாள்.

தண்ணீர் இறங்கியது. ஊரார் ஆளுக்கொரு கல்லோடு வரிசையாக நின்றார்கள். யெர்னெய் இரண்டு கட்டுக் கோரை அறுத்தான். அதற்குள் சேற்றில் மீன்கள் துள்ளத் தொடங்கின.

கரையில் கிடக்கும் மீன் முதலில் தொட்டவருக்கே என்பது அந்த ஊர் வழக்கம். அதனால் பொறுத்திருப்பவன் முட்டாள். ஒருவன் கல்லைக் கீழே போட்டுவிட்டு ஒரு மீனைத் தொட்டான். அவ்வளவுதான், வரிசை கலைந்தது.

"கல்! கல்லைப் போடுங்கள்!" என்று கத்தினாள் கண்ணழகி.

"நீங்கள் போடுங்கள், இதோ வருகிறேன்" என்று எல்லோரும் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார்கள். யெர்னெய் தன் கல்லைத் தூக்கிக்கொண்டு துளையை நோக்கி நடந்தான். பாதி வழியில் அவன் கால் மேல் ஒரு பெரிய மீன் விழுந்தது.

"உர்ஷா, கூடையைக் கொண்டு வா!"

கண்ணழகி தன் உடலையே துளைக்குக் குறுக்கே வைத்தாள். தண்ணீர் நிற்கவில்லை. கோரைத் தாள்களில் முட்டைகள் வெயிலில் காய்ந்து வெளுத்தன. கூர்வாய் சேற்றில் வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"மதியம் ஆகிவிட்டதா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் வாய் திறக்கவில்லை.

கடைசித் தண்ணீர் கண்ணழகியைத் துளைக்குள் இழுத்துப்போனது. அங்கே ஒரே இருட்டு. பார்க்க வேறெதுவும் இல்லாததால், பார்த்ததே திரும்பத் திரும்பத் தெரிந்தது. தாங்கமுடியாமல், முகத்தின் தோலை இழுத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

லீஸ்கா கோரை தின்று பால் கொடுத்தது. குழந்தை பிழைத்தது. மழைக்காலத்தில் தண்ணீர் திரும்பி வந்தது. ஆனால் பாறையைத் திரும்ப வைக்க யாராலும் முடியவில்லை.

அன்று ஆரம்பித்ததுதான், கோடையில் அந்த ஏரி பூமிக்குள் இறங்கிப்போவதும், ஊரார் வாளிகளோடு ஓடிச் சேற்று மீன்களைச் சாகாமல் காக்க ஆழமான குட்டைகளுக்குச் சுமப்பதும். குகைத் தண்ணீரில் கண்ணில்லாத அந்த உயிர் இன்னும் நீந்துகிறது. மனிதர்கள் விளக்கோடு வந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டு பாறை இடுக்குக்குள் போய்விடும்.