பள்ளத்தில் இறங்கும் சக்கரம்

வேங்கைமலை அடிவாரத்து மடத்தில் ஒரே ஒரு வண்டிதான். பழைய பிக்கப். மலைமேல் இருக்கும் ஊர்களில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், அதன் பின்பக்கம் பாய் விரித்துப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு இறக்கிக் கொண்டுவருவார்கள். ஓட்டுவது தவசீலன். பாதி ஆயுளை லாரிப் பட்டறையில் கழித்துவிட்டு, ஐம்பதைத் தாண்டியபின் மடத்துக்கு வந்தவர். மடத்தின் தலைவி சுந்தரவல்லி அம்மா அவரைவிட வயதில் சின்னவர். அந்த அம்மாவைத்தான் அவர் குருவாக வரித்துக்கொண்டிருந்தார்.

மழை முடிந்த சமயம், மேலூற்று என்ற ஊரில் மிளகு பறித்துக்கொண்டிருந்த வெள்ளச்சி ஏணியிலிருந்து விழுந்தாள். இடுப்பு முறிந்துவிட்டது. தவசீலன் போய் ஏற்றிக்கொண்டு வந்தார். தார் ரோட்டைத் தொடுவதற்குள் அவள் இறந்துபோனாள்.

அதன்பிறகு தவசீலன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டு வேளையிலும் வண்டிக்கு அடியில்தான் கிடந்தார். ஒரு நாள் காலையில் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார். அம்மா முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வண்டிக்கு சஸ்பென்ஷன் மாத்தணும், குலுக்கலைத் தாங்கற ஸ்பிரிங் எல்லாம்."

"மாத்துங்க."

"ரெண்டு விதமான கிட் இருக்கு. எதைப் போடறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"வண்டியைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

"ரெண்டுமே சக்கரத்துக்கு நிறைய இடம் கொடுக்கும். இப்ப இருக்கறதைவிட ஒரு சாண் கூடுதலா மேல ஏறும், கீழ இறங்கும். ஆனா ஒண்ணு இறுக்கமானது. மேடு பள்ளத்துல வேகமா விட்டாலும் அடி தட்டாது, வண்டி கட்டுக்குள்ள நிக்கும். இன்னொண்ணு இளக்கமானது. வேகத்துக்கு ஆகாது. பாறை மேல மெல்லப் போனா, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியா பள்ளத்துல இறங்கி ஏறும். பின்னாடி படுத்திருக்கறவங்களுக்கு அவ்வளவா அலுங்காது."

"பட்டறைக்காரர் என்ன சொல்றார்?"

"எப்படி ஓட்டுவீங்கன்னு கேக்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

தவசீலன் கையை மறுபடியும் துடைத்துக்கொண்டார்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். உள்ளே போய் ஒரு பாயை எடுத்துவந்து வண்டியின் பின்பக்கம் விரித்தார். ஏறி, அதில் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"மேலூற்றுக்குப் போங்க."

"வேண்டாம்மா. முதுகு தாங்காது."

"போங்க."

வெள்ளச்சியை எடுத்துவந்த பிறகு அந்தப் பக்கமே தவசீலன் போனதில்லை. வண்டியைக் கிளப்பினார். ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் தகரம் அதிர்ந்தது. அம்மா ஒரு சத்தமும் போடவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நடுவழியில் பாதையை ஓர் ஓடை அறுத்துக்கொண்டு போகும். தண்ணீர் கொஞ்சம்தான், உருண்டைப் பாறைகள்தான் அதிகம். அதன் கரையில் வண்டி நின்றுவிட்டது. கோளாறு ஒன்றும் இல்லை. அவர்தான் நிறுத்தினார்.

அம்மா எழுந்து உட்கார்ந்தார்.

"இங்க என்ன?"

தவசீலன் திரும்பாமலே பேசினார். "இங்கதாம்மா. அவ தலையை மடியில வெச்சுக்கிட்டு அவ புருஷன் சடையன் பின்னாடி உக்காந்திருந்தான். 'வேகமாப் போங்க சாமி, வேகமாப் போங்க'ன்னு கத்தினான். அவ 'மெல்ல, மெல்ல'ன்னா. ரெண்டும் என் காதுல விழுந்துச்சு. நான் வேகமாப் போனேன்."

அவர் கையால் அக்கரையைக் காட்டினார்.

"அக்கரை ஏறினப்ப அவ குரல் நின்னுபோச்சு. மயக்கம்னு நெனச்சேன். மெதுவாப் போயிருக்கணுமா அம்மா? இல்ல, இன்னும் வேகமாப் போயிருக்கணுமா?"

அம்மா மறுபடியும் படுத்துக்கொண்டார். "வண்டியை எடுங்க" என்றார்.

மேலூற்றில் சடையன் தன் வீட்டு முன்னால் தனியாக மிளகு காயவைத்துக்கொண்டிருந்தான். வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றான். தவசீலனுக்கு இறங்கக் கால் வரவில்லை. அம்மா இறங்கிவிட்டதால் அவரும் இறங்க வேண்டியதாயிற்று.

சடையன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். மூவரும் குடித்தார்கள். கொஞ்ச நேரம் அவன் மிளகைக் கையால் பரத்திக்கொண்டே இருந்தான். பிறகு தலை நிமிராமல் கேட்டான்.

"சாமி, உங்களுக்கு வண்டியோட போக்கு தெரியும். ஓடையில வேகமாப் போகச் சொன்னது நான்தானே. அதனாலதான் போய்ட்டாளா?"

தவசீலன் வாயைத் திறந்தார். இத்தனை நாளும் யாராவது தனக்குச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய பேச்செல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அதில் ஒன்றைக்கூட இவனிடம் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. நகர்ந்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவரும் மிளகைப் பரத்தத் தொடங்கினார். சடையன் தோள் குலுங்கியது. அவர் கையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

அவன் அழுது ஓயும்வரை அம்மா காத்திருந்தார்.

"தவசீலன், என்கிட்ட கேட்டதை இவர்கிட்ட கேளுங்க."

"எதை?"

"வண்டிக்கு எதைப் போடறதுன்னு."

அதை இவனிடம் கேட்பது கொடுமை என்று தவசீலனுக்குப் பட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அது மாறவில்லை. திக்கித் திணறி, இறுக்கமானது ஒன்று, இளக்கமானது ஒன்று, வேகத்துக்கு அது, மெதுவுக்கு இது என்று சொல்லி முடித்தார்.

சடையன் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"மெல்லப் போறதையே போடுங்க சாமி" என்றான். "அவ அதைத்தானே கேட்டா."

வெயில் சாயும் முன் கிளம்பினார்கள். அம்மா இந்த முறையும் பின்னால் பாயில்தான் படுத்துக்கொண்டார். தவசீலன் நடைவேகத்தில் ஓட்டினார். ஓடையில் ஒவ்வொரு பாறையாகப் பார்த்து, ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்றினார். அக்கரை சேர்ந்ததும் அவருக்குத் தாங்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் வந்து நின்றார்.

"அப்படின்னா, அன்னைக்கு அவ சொன்னபடி மெல்லப் போயிருந்தா பிழைச்சிருப்பாளா அம்மா?"

அம்மா பாயில் படுத்தபடியே அவரைப் பார்த்தார். அம்மாவின் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"பிழைக்கறதுக்காக அவ கேக்கல, தவசீலன். வலிச்சுது. கேட்டா."