பலகையின் மூன்றாம் வரி

“மிஸ், நாப்பத்து மூணு புள்ளியில அந்தப் பிள்ளைய வெளிய கூப்பிட்டுட்டேன்.”

மரகதவல்லி இதை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். குதிகால் வலி வந்ததிலிருந்து அவள் ஷூ போடுவதில்லை. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தனராஜ் மிஸ் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் தேய்த்தார்.

மரகதவல்லி இப்போது கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். வயது நாற்பத்தெட்டு. அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் மிஸ். தனராஜ் என்பது அவருடைய கணவர் பெயர். கல்லூரியில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

“எந்தப் பிள்ள?”

“பேச்சியம்மா. மூணாவது வருஷம். காலைல அரையிறுதி. நாலு நிமிஷம் பாக்கி இருந்துச்சு.”

“எத்தன புள்ளி முன்னால இருந்தீங்க?”

“இருபத்தாறு.”

“பிறகென்ன? ஓய்வு குடுத்திருக்க. நாளைக்கு இறுதி ஆட்டம் இருக்கு.”

“அப்ப நான் செஞ்சது சரியா மிஸ்?”

“நீதான் சொல்லணும்.”

மரகதவல்லி கழற்றிய செருப்பைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்தாள்.

பெண்கள் கல்லூரிகளுக்கான அந்த மண்டலக் கூடைப்பந்துப் போட்டியில் ஒருத்தி ஒரே ஆட்டத்தில் எடுத்த அதிகப் புள்ளி நாற்பத்து நான்கு. இருபத்தெட்டு வருடமாக யாரும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

எடுத்தவள் இவள்தான்.

“கூட்டம் கத்துச்சு மிஸ். அவளை உள்ள விடு, உள்ள விடுன்னு. அவ ஒரு வார்த்தை பேசல. சரிங்க மேடம்னு வந்து உக்காந்தா. பிறகு எந்திரிச்சு எல்லாருக்கும் பாட்டில்ல தண்ணி பிடிச்சு வச்சா.”

“களைச்சுப் போயிருந்தாளா?”

“இல்ல.”

“அடி பட்டிருந்துச்சா?”

“இல்ல மிஸ்.”

மிஸ் தைலப் புட்டியை மூடினார். மூடி சரியாக மாட்டவில்லை. திறந்து மறுபடியும் மூடினார்.

“எனக்குப் பொறாமையா மிஸ்?”

“டீ குடிக்கியா?”

“வேண்டாம் மிஸ்.”

“நான் குடிப்பேன்.”

மிஸ் டீ போட்டார். இரண்டு டம்ளரில் ஊற்றினார். வேண்டாம் என்றவள் முதலில் குடித்து முடித்தாள்.

“நாளைக்கு அவளுக்குக் கடைசி ஆட்டம் மிஸ். ஜூன்ல வேலைக்குப் போயிருவா. அவ வீட்டுல மேல படிக்க வைக்க மாட்டாங்க. நாளைக்கு விட்டா பிறகு கிடையாது. நாளைக்கும் நான் இதே மாதிரி கூப்பிட்டுருவேனோன்னு பயமா இருக்கு.”

“நீ எடுத்த அன்னைக்கு எப்படி இருந்துச்சு?”

கேட்டதுதான் தாமதம், மரகதவல்லியின் முகம் மாறிவிட்டது. இருபத்தெட்டு வருடமாக அந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள் போலிருக்கிறது.

“அப்ப சிமென்ட் தரைதான மிஸ். விழுந்தா முட்டி தோலோட போயிரும். ஷூவுக்கு வெள்ளை அடிக்க முடியாம சாக்பீஸைத் தேச்சுக்கிட்டு வந்திருந்தேன். நீங்க இடைவேளைல எலுமிச்சம்பழத்துல உப்பு தொட்டு ஆளுக்குப் பாதி குடுப்பீங்க. இன்னும் நாக்குல அந்தப் புளிப்பு இருக்கு. மதில் மேல ஆளுங்க உக்காந்திருப்பாங்க, உக்காராதேன்னு வாட்ச்மேன் விரட்டுவாரு, அவரு அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் ஏறிருவாங்க.”

“ம்.”

“முப்பத்தெட்டுல இருந்தேன். பழைய சாதனை முப்பத்தொம்பது. மூணு நிமிஷம் பாக்கி. ஆட்டம் நம்ம கையில. நீங்க என்னை வெளிய கூப்பிட்டுருவீங்கன்னு நினைச்சேன். கூப்பிடல. இடது பக்கம் போய்த் திரும்பிப் போட்டேன். நாப்பது. ஊரே கத்துச்சு.”

“ம்.”

“திரும்பி உங்களைத்தான் பாத்தேன் மிஸ்.”

காலி டம்ளரைக் கையில் உருட்டினாள்.

“நீங்க குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பந்தை நீங்க பாக்கவே இல்ல. எனக்கு அது இன்னும் ஆறல மிஸ். இவ்வளவு வருஷத்துல இன்னைக்குத்தான் சொல்லுதேன்.”

மிஸ் எழுந்தார். சுவரில் சாய்த்திருந்த கைத்தடியை எடுத்தார்.

“ஒரு ஆட்டோ கூப்பிடு.”

“எங்க மிஸ்?”

“காலேஜுக்கு.”

உள்ளரங்கில் யாரும் இல்லை. மாலை வெயில் மேல் ஜன்னல் வழியாக விழுந்து தரையில் நீளமாகக் கிடந்தது. வார்னிஷும் வியர்வையும் கலந்த வாசனை. மிஸ் வாசலிலேயே நின்று ஒருமுறை ஆழமாக மூச்சை இழுத்தார்.

கிழக்குச் சுவரில் சாதனைப் பலகை. கறுப்புப் பலகையில் வெள்ளை எனாமல் எழுத்து. உயரம் தாண்டுதல், குண்டு எறிதல், மூன்றாம் வரியில் கூடைப்பந்து: அ. மரகதவல்லி, 1996, 44 புள்ளிகள்.

யாராவது சாதனையை முறியடித்தால் பெயிண்டர் வருவார். பழைய பெயரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பூசி, புதுப் பெயரை எழுதிவிட்டுப் போவார். அதுதான் அங்கே வழக்கம்.

மிஸ் ஒரு பெஞ்சைத் தடியால் தட்டிக் காட்டினார்.

“இழுத்துப் போட்டு ஏறு.”

“இந்த வயசுலயா மிஸ்?”

“எனக்கு முட்டு வலி. நீ ஏறு.”

ஏறினாள். பெஞ்சு ஒரு காலில் ஆடியது.

“முத வரியத் தடவு.”

தடவினாள்.

“எப்படி இருக்கு?”

“வழவழன்னு இருக்கு.”

“ரெண்டாவது?”

“அதுவும் அப்படித்தான்.”

“மூணாவது. கண்ண மூடிக்கிட்டுத் தடவு.”

தன் பெயரின் மேல் விரலை வைத்தாள். ம, ர, க. வெள்ளை எழுத்துக்களின் விளிம்பு தட்டியது. அவற்றுக்கு ஊடே, கறுப்புக்கு அடியில், இன்னொரு மேடு ஓடியது. விரலைப் பின்னால் கொண்டுபோனாள். மெல்ல வந்தாள். ஒரு வளைவு, அதன் கீழே ஒரு சுழி.

“சு...”

“ம்.”

“சுகிர்... ரா. சுகிர்தம்! ஆமா மிஸ். இங்க இந்தப் பேருதான் இருந்துச்சு. முத வருஷத்துல தினமும் பாப்பேன். முப்பத்தொம்பது. எழுபத்து மூணாம் வருஷம். அப்பல்லாம் எங்க இருந்து போட்டாலும் ரெண்டே புள்ளிதான். அதுல முப்பத்தொம்பது எடுத்திருக்காங்களேன்னு இருக்கும். இவங்கள மாதிரி ஆகணும்னு சாமி கும்பிட்டிருக்கேன் மிஸ்.”

கண்ணைத் திறந்தாள்.

“யாரு மிஸ் அவங்க? இப்ப எங்க இருக்காங்க?”

“கீழதான் நிக்கா.”

மரகதவல்லி குனிந்து பார்த்தாள்.

கைத்தடியோடு மிஸ் நின்றுகொண்டிருந்தார்.

“தனராஜுங்கிறது அவுக பேரு. எனக்கு எங்க அப்பா அம்மா வச்ச பேரு சுகிர்தம்தான்.”

“மிஸ்...”

“பெயிண்டர் சுரண்டணும்னு சொன்னான். நான்தான் வேண்டாம்னுட்டேன். அந்த அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்லட்டி.”

மரகதவல்லி பெஞ்சிலிருந்து இறங்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

“அப்ப அன்னைக்கு... முப்பத்தெட்டுல நான் இருந்தப்ப...”

“சீட்டு எழுதி வச்சிருந்தேன். உன்னை வெளிய கூப்பிட்டு வேற பிள்ளைய இறக்க. கையிலதான் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் மிஸ் குடுக்கல?”

மிஸ் தடியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

“முந்தின நாள் எனக்குக் கால் பெருவிரல் நகம் பேந்து போச்சு. ஞாபகம் இருக்கா?”

“இல்ல மிஸ்.”

“அன்னைக்கு நான் செருப்புல்லா போட்டிருந்தேன்.”

மறுநாள் அதே உள்ளரங்கில் இறுதி ஆட்டம்.

முதல் பாதியில் பேச்சியம்மாள் தடுமாறினாள். பன்னிரண்டுதான் எடுத்தாள். இரண்டாம் பாதியில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, கையை விட்ட பந்தெல்லாம் வலைக்குள் போனது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அணி பதினைந்து புள்ளி முன்னால் இருந்தது. பேச்சியம்மாளின் பெயரில் நாற்பத்து நான்கு.

பேச்சியம்மாள் ஓட்டத்தைக் குறைத்தாள். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றுப் போல இன்றும் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வெளியே வருவதற்குத் தயாராகக்கூட இருந்தாள்.

மரகதவல்லியின் வலது கை மேலே எழும்பத் துடித்தது. உண்மையாகவே துடித்தது. அந்த ஒரு நொடியில் அவள் அந்தப் பெண்ணை வெறுத்தாள்.

பிறகு குனிந்தாள்.

கீழே தன் இரண்டு பாதங்களும் வார்னிஷ் தரையும் மட்டும் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அதுவும் கலங்கிவிட்டது. பந்து தரையில் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. ஒரு மூச்சு நேரம் எந்தச் சத்தமும் இல்லை.

அப்புறம் அரங்கில் இருந்தவர்கள் கத்தினார்கள்.

அவள் நிமிரவில்லை. இன்னும் இரண்டு முறை கத்தினார்கள். நீண்ட விசில் ஊதிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

பேச்சியம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து எதிரே நின்றாள்.

“மேடம், பாத்தீங்களா?”

“இல்ல பேச்சி. லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன்.”

பேச்சியம்மாள் குனிந்து அவள் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். போய்த் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துவந்து நீட்டினாள்.

அடுத்த வாரம் பெயிண்டர் வந்தார். பெஞ்சில் ஏறி மூன்றாம் வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

“அந்தக் காலத்துல எவனோ சுரண்டாம எழுதியிருக்கான் மேடம். நான் மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டு எழுதிருதேன்.”

“வேண்டாம்ண்ணே. மேலயே எழுதுங்க.”

“மேடு தெரியுமே?”

“தெரியட்டும்.”