தும்பிக் கடிகாரம்

நிறைமதி அம்மையின் சீடர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் பொங்கியண்ணன் ஒருவர்தான். அவிநாசிப் பக்கம் நூல் மில் வைத்திருந்தார். மில்லில் அவரை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அம்மையின் முன்னால் மட்டும் கைகட்டி நிற்பார். அப்படி நிற்கும்போதும் கைக்கடிகாரம் வெளியே தெரியும்படி பார்த்துக்கொள்வார்.

விலை உயர்ந்த வெளிநாட்டுக் கடிகாரம் அது. காட்டுக் குளம் போலப் பச்சை முகப்பு. அதில் ஒரு தும்பி. இறக்கையின் நரம்புகூடத் தெரியும். முள் இரண்டும் புல்லின் நுனியாக மெலிந்திருக்கும்.

அன்று காலை அம்மை ஓடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பொங்கியண்ணன் வந்து, தண்ணீர் தெறிக்காத பாறையாகப் பார்த்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"அடுத்த வாரம் என்ற பொண்ணுக்குக் கல்யாணமுங்க, அம்மா."

"தெரியுமே. நல்ல சேதிதானே?"

"தாரை வாக்கறதுக்குப் பெரியப்பனையும் பெரியம்மாளையும் கூப்புட்டிருக்கறாளுங்க. நானும் அவங்கம்மாவும் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே."

பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து நீர் வார்த்துக் கொடுப்பது பெற்றவர்களின் உரிமை. அதை வேறு ஆள் செய்தால் ஊர் பேசும். ஊர்ப்பேச்சைவிட மகள் சொன்ன விதம்தான் அவரை வதைத்தது. அவள் கோபமே இல்லாமல் சொல்லியிருந்தாள்.

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. 'உங்களுக்கெதுக்குங்கப்பா சிரமம்'னுட்டா. இந்தக் கடிகாரத்தையே சீராத் தர்றேன்னேன். வேண்டாமுங்கறா. பூங்கோதைக்கு நான் என்ன குறை வெச்சனுங்க?"

அம்மை கழுவுவதை நிறுத்தவில்லை. "கடிகாரத்தை எப்படிப் பார்த்துக்கறீங்க?" என்று கேட்டார்.

பொங்கியண்ணனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இதைக் கேட்டால் அவருக்கு வாய் ஓயாது.

"தெனமும் கட்டோணுங்க. கை அசைஞ்சாத்தான் இது ஓடும். கழட்டி வெச்சா நின்னுபோகும். வேர்வை பட்டா மெத்துனு ஒரு துணியில தொடைக்கோணும். காந்தம் பக்கத்துல கொண்டுபோகக் கூடாது. வாரு நல்ல தோலுங்க, தண்ணி படவே ஆகாது. பூங்கோதை பொறந்த வருசம் வாங்குனது. இன்னி வரைக்கும் ஒரு சொட்டுப் படலை."

"ஒரு சொட்டுகூடவா?"

"ஒருக்கா படப் பாத்துச்சுங்க." அவர் சிரித்தார். "நல்ல மழை. நான் அப்பத்தான் கார்ல இருந்து எறங்கறேன். இவ சின்னப் புள்ளை. தெப்பமா நனைஞ்சு ஓடி வர்றா. ஒரு கையில தும்பி. 'அப்பா, உங்க கடிகாரத்துல இருக்கறது உசுரோட கெடைச்சிருச்சுங்'னு என்ற கையப் புடிக்க வந்தா. வெடுக்குனு இழுத்துக்கிட்டனுங்க. ஈரக்கையில தொடாதேன்னு ஒரு அதட்டுப் போட்டேன்."

"அப்புறம்?"

"தும்பி பறந்துபோச்சுங்க."

"பூங்கோதை?"

பொங்கியண்ணன் யோசித்தார். பள்ளிக்கூடத்துக்கு அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். தேர்க் கூட்டத்தில் பெரியப்பனின் கையை. காய்ச்சலில் கிடந்தபோதும் அவள் கை தன்னைத் தேடியதாக அவருக்கு நினைவில்லை.

"எட்டவே நின்னு பேசுவாளுங்க," என்றார். குரல் இறங்கிவிட்டது. "மருவாதி தெரிஞ்ச புள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனுங்களே."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பெற்ற மகளின் கை எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாமல் இத்தனை காலம் போய்விட்டது.

"நானே தாரை வாக்கறேன்னு அவகிட்டக் கேக்கட்டுங்களா, அம்மா? கல்யாணத்தன்னிக்கு இதைக் கழட்டி வெச்சர்றேன்."

"கேளுங்க. சம்மதிப்பாளான்னு எனக்குத் தெரியாது."

"அந்த மழையன்னிக்கு அவ கை ஈரமா இருந்துச்சுங்க. அதனாலதானுங்க..."

அம்மை பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அந்த ஈரம் கொஞ்ச நேரத்துல காய்ஞ்சிருக்குமே, ஐயா. அப்புறம் நீங்க போய் ஏன் அவ கையைப் பிடிக்கலை?"