ஆர்கான் குழாயின் இணைப்பு

"மழ பெஞ்சாதான் இசக்கி அக்காவுக்கு ரிசல்ட் வருது. அக்கா பாதி விவசாயி."

கண்ணாடிச் சில்லுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஜூனியர் பெண்கள் இருவரில் ஒருத்தி சொல்ல, மற்றவள் சிரித்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

காற்றை உறிஞ்சி எடுத்த இரும்பு அறைக்குள் தூய ஆர்கான் வாயுவை மட்டும் விட்டு, கண்ணாடியின் மேல் வெள்ளீயத்தை மெல்லிய படலமாகப் படியவைப்பது அவள் ஆராய்ச்சி. அவளுடைய படலம் மட்டும் நச்சு வாயுவை உணர்ந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கட்டுரை வெளியாகிவிட்டது. ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுப்பதுதான் பாக்கி. அம்மா அதற்குள் தெருவில் அவளை டாக்டர் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.

இசக்கி தன் நெறியாளர் ரெஜினாவிடம் போனாள்.

"மேடம், எங்கயாவது காத்து உள்ள வருமோ?"

"பாத்தியா?"

"அடைச்சு வச்சுப் பாத்தேன். பிரஷர் ஏறல."

"எதையெல்லாம் அடைச்சே?"

"எல்லாத்தையும்தான்."

"ஆர்கான் வால்வையுமா?"

"ஆமா மேடம். எப்பவும் அப்படித்தான பாப்போம்."

ரெஜினா எழுந்து வந்தார். பம்ப்பை அடைத்தார். சிலிண்டரையும் மூடினார். ஆர்கான் குழாயிலிருந்து அறைக்குப் போகும் வால்வை மட்டும் திறந்து வைத்தார். உள்ளே எதுவும் வரக் கூடாது. ஆனால் அழுத்த மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது.

குழாயின் ஓர் இணைப்பில் ஆல்கஹால் நனைத்த பஞ்சை வைத்தார். ஆல்கஹால் ஆவி உள்ளே போய் எண் துள்ளியது; கசிவு அங்கேதான்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. அந்த ஈரக்காற்றுதான் ஆர்கானோடு சேர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"அப்போ என் படலம்..."

"இறுக்கிட்டுப் புதுசா ஒண்ணு போட்டுப் பாரு."

"இறுக்காம விட்டா? இந்த இடத்த யாரும் தொடப்போறதில்ல மேடம்."

ரெஜினா ஒரு ஸ்பானரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வெகுநேரம் கழித்து இசக்கி நட்டை இறுக்கினாள்.

சாயங்காலம் வெளியே எடுத்த படலம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அதன்மேல் நச்சு வாயுவைச் செலுத்தினாள். படலத்தோடு இணைத்திருந்த மீட்டரின் முள் அசையவில்லை. இன்னொரு முறை செலுத்தினாள்.

"செத்துப்போச்சு மேடம்."

"சுத்தமா வந்திருக்கு."

"அப்போ இத்தன வருஷமா நான் என்னதான் செஞ்சேன்?"



இசக்கி கணினியைத் திறந்தாள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழ் ஆசிரியருக்கு எழுதினாள். இரண்டு வரிதான். பெயர் போடும் இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"உங்க பேரும் வரணுமே மேடம்."

"கட்டுரையில என் பேரு கடைசியில இருந்துச்சு. இதுல முதல்ல போடு."

இசக்கி தன் பெயரை முதலில் அடித்தாள்.